நாலாவது வரி

ஜனவரி 9

அன்புள்ள அக்கா,

நான் சளி, இருமல் எதுவும் இல்லாமல் இருக்கிறேன். நீயும் குட்டியும் எப்படி இருக்கிறீர்கள்? ஃபோனை எடுத்தால் சண்டை, வைத்தால் அழுகை என்றே போன மாதம் ஓடிவிட்டது. அதனால் நீ சொன்னபடி கடிதம். அதுவும் வீட்டுக்கு இல்லை, உன் பஸ் டிப்போ விலாசத்துக்கு. நேர அட்டவணை போடுகிற மேஜையில் ராப் பாட்டு வந்து விழுந்தால் உன் மேலதிகாரி மயக்கம் போடாமல் இருக்க வேண்டும்.

ராப் குழுவை விட்டு வந்து ஐந்து வாரம் ஆகிறது. தனி ஆல்பம் நிஜமாகவே நடக்கிறது, அக்கா. எட்டுப் பாட்டு. பெயர் “ஒத்தை ஆள்”. ஸ்டூடியோக்காரம்மா கறாரானவர். உள்ளே போனதும் ஃபோனை வாங்கி டிராயரில் போட்டுப் பூட்டிவிடுகிறார். ஸ்டூடியோவுக்குப் பின்னால் பழைய ஸ்பீக்கர் அடுக்கிய அறையில்தான் படுக்கை. முதல் நாள் மைக் முன்னால் நின்றபோது கை வேர்த்து, பாட்டு எழுதின தாளே நனைந்துவிட்டது. பக்கத்தில் யாரும் இல்லாமல் பாடியே பழக்கமில்லை.

எப்போதும் போல நீதான் டைப் அடித்துத் தரவேண்டும். என் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒரே ஜீவன் நீ. இந்தக் கவரில் மூன்று பாட்டு வைத்திருக்கிறேன். குட்டிக்கு முத்தம். வீட்டில் மற்றவர்களை நான் விசாரித்ததாகச் சொல்ல வேண்டாம்.

உன் தம்பி

ஜனவரி 21

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் பார்த்ததில் பாதி நிம்மதி. மீதி நிம்மதி நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று தெரிந்தால் வரும். நானும் குட்டியும் சுகம். அவளுக்கு மேல் பல் ஒன்று விழுந்தது. அதை உனக்கு அனுப்பச் சொல்லி அடம் பிடித்தாள், நல்லவேளை தொலைத்துவிட்டாள்.

“மற்றவர்கள்” என்று வீட்டில் ஒரே ஒருத்தர்தான் இருக்கிறார். அவர் எனக்குப் புருஷன், உனக்கு மச்சான். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அவரை மச்சான் மச்சான் என்று கூப்பிட்டுக் கடைசியில் நிஜ மச்சானாகவே ஆக்கினது நீதான், நான் இல்லை. நன்றாக இருக்கிறார். அதிகம் பேசுவதில்லை.

மூன்று பாட்டையும் டைப் அடித்துவிட்டேன். ஒரு விஷயம் சொல்லட்டுமா? எந்தப் பாட்டிலும் நாலாவது வரி முடியவே இல்லை. கடைசி வார்த்தை இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறாய். பன்னிரண்டு வருஷமாக இந்த பஸ்ஸுக்கும் அடுத்த பஸ்ஸுக்கும் நடுவில் எத்தனை நிமிஷம் காலி என்று பார்த்தே பிழைக்கிறவள் நான். காலி இடம் என் கண்ணில் படாமல் போகாது. அந்த வார்த்தைகளை யார் சொல்லப் போகிறார்கள்?

தண்ணீர் நிறையக் குடி. கத்திப் பாடாதே.

அன்புடன் அக்கா

பிப்ரவரி 10

அன்புள்ள அக்கா,

நலம். சாப்பிடுகிறேன். குட்டியின் பல் கிடைத்தால் அனுப்பச் சொல்.

நாலாவது வரியைப் பற்றி நீ எழுதின அதே வாரம் ஸ்டூடியோக்காரம்மாவும் கேட்டார். “தம்பி, ஒவ்வொரு தடவையும் கடைசி வார்த்தைக்கு முன்னாடி வாயை மூடிக்கிறீங்களே, யாருக்காகக் காத்திருக்கீங்க?” என்றார். எனக்கு முகம் செத்துப்போனது. ஒன்பது வருஷப் பழக்கம் அது. மூன்று வரி நான் ஓடுவேன், நாலாவது வரியின் வாலை மச்சான் பிடிப்பான். அந்த ஒரு வார்த்தை நேரத்தில்தான் எனக்கு மூச்சு. அவனுக்கு இடி என்று பெயர் வந்ததே அந்த ஒற்றை வார்த்தைகளால்தான். இப்போது நானே சொல்லிப் பார்க்கிறேன். மூச்சு பத்தாமல் வார்த்தை பாதியில் நசுங்குகிறது. இருபது தடவை எடுத்தால் ஒன்று தேறுகிறது. இப்படி எட்டுப் பாட்டை எப்படி முடிப்பேன்?

நான் ஏன் விலகினேன் என்று நீ இதுவரை கேட்கவில்லை. நானே சொல்கிறேன். போன வருஷம் பாதியிலிருந்து அவன் மேடையில் வார்த்தையைப் பிடிப்பதை நிறுத்திவிட்டான். நான் மூச்சு முட்டி நிற்கும்போது, சிரித்துக்கொண்டே மைக்கைக் கூட்டத்தை நோக்கி நீட்டுவான். கூட்டம் கத்தும். அவனுக்குக் கைதட்டு. கடைசி நிகழ்ச்சியில் புதுப் பாட்டு, கூட்டத்துக்கு வார்த்தை தெரியாது. அவன் நீட்டினான், யாரும் சொல்லவில்லை. வாயைப் பிளந்துகொண்டு நின்ற என்னைப் பார்த்து முன் வரிசை சிரித்தது. இறங்கி வந்து, “ஏன்டா இப்படிப் பண்ணின?” என்று கேட்டேன். தோளைக் குலுக்கிவிட்டுப் போனான். அவ்வளவுதான்.

அதை ஆறாவது பாட்டாக எழுதிவிட்டேன். “நீட்டின கை”. நாலாவது, ஐந்தாவது பாட்டோடு அதன் தாளும் இதில் இருக்கிறது. ஆரம்பம் இது:

மைக்கை நீட்டுறான் மகராசன், வாயைத் திறந்தா வலிக்குதாம்
கூட்டம் பாட நிக்கிறான், கைதட்டு மட்டும் இனிக்குதாம்
ஒன்பது வருஷம் ஒண்ணாத் திரிஞ்சோம், இப்ப என் பேச்சு கசக்குதாம்
தொண்டைக்குள்ள பூட்டு போட்டான், சாவி எங்கே ———

பார், அவனைத் திட்டுகிற பாட்டிலும் அவனுக்கு இடம் விட்டிருக்கிறேன். சீக்கிரம் டைப் அடித்து அனுப்பு.

தம்பி

மார்ச் 4

அன்புத் தம்பிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. கொஞ்ச நாள் லீவு போட்டிருந்தேன், சொந்த வேலை. டிப்போவில் உன் கடிதம் எனக்காகக் காத்திருந்தது. குட்டிக்குப் புதுப் பல் எட்டிப் பார்க்கிறது. வீட்டுக்கு ஒரு சின்னப் பலகை வாங்கினோம், எழுதி அழிக்கிற பலகை. குட்டிக்குத்தான்.

முதலில் ஒன்று. மச்சானை “அவன் இவன்” என்று எனக்கு எழுதாதே. மேடையில் எப்படி வேண்டுமானாலும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

மற்ற பாட்டுகளை டைப் அடித்து வைத்திருக்கிறேன். நாலாவது நன்றாக வந்திருக்கிறது, சிரித்துவிட்டேன். ஆறாவதை அடிக்கவில்லை. தாள் என் கைப்பையில் இருக்கிறது. தம்பி, அந்தப் பாட்டு வேண்டாம். காரணம் கேட்காதே. நான் உன்னிடம் இதுவரை இது வேண்டாம், அது வேண்டாம் என்று சொன்னவள் இல்லை. ஊரே உன்னைப் பார்த்து “வாயாடி” என்றபோது ராப் என்றால் என்னவென்றே தெரியாமல் உனக்காகச் சண்டை போட்டவள். அந்த உரிமையில் கேட்கிறேன். ஏழு பாட்டு போதும்.

உன் தொண்டை எப்படி இருக்கிறது? கரகரப்பு இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் உடனே டாக்டரிடம் போ. சரியாகிவிடும் என்று இருந்துவிடாதே. நான் சும்மா சொல்லவில்லை.

அக்கா

மார்ச் 12

அக்கா,

நலம்தான். உன்னைக் கேட்கத் தோன்றவில்லை.

நீ யார் பக்கம் என்று தெரிந்துவிட்டது. காரணம் சொல்லமாட்டாயாம், பாட்டை மட்டும் தூக்க வேண்டுமாம். நாளைக்கு நான் மேடையில் ஏறினால் முன் வரிசை சிரிப்பது உன் புருஷனைப் பார்த்து இல்லை, என்னைப் பார்த்து. ஸ்டூடியோக்காரம்மா எட்டுப் பாட்டையும் கேட்டுவிட்டு, “இந்த ஆறாவதுதான் பாட்டு, மத்ததெல்லாம் துணைக்கு வந்தது” என்றார். ஏப்ரல் 20 அன்று அதைத்தான் முதலில் வெளியிடுகிறார். அது இல்லாவிட்டால் வெளியீடே இல்லை என்றும் சொல்லிவிட்டார்.

உனக்குப் புரியாது. பயமாக இருக்கிறது, அக்கா. குழுவில் இருந்தவரை தோற்றால் எல்லோரும் சேர்ந்து தோற்றோம். இது ஊத்திக்கொண்டால் ஒத்தை ஆள்தான். என்னிடம் இருக்கிற ஒரே நல்ல பாட்டையும் கேட்கிறாயே.

டைப் வேண்டாம். கையெழுத்திலேயே கொடுத்துக்கொள்கிறேன். குரலையும் இசையையும் சேர்க்கிற மிக்ஸிங் வேலை முடிகிறவரை உன் கடிதம் எதையும் பிரிக்கப் போவதில்லை. பிரித்தால் என் மனசு கெடும். கோபப்படாதே. கோபப்பட்டாலும் பரவாயில்லை.

தம்பி

மார்ச் 19

அன்புத் தம்பிக்கு,

சொன்னால் சொன்னபடி செய்கிறவன் நீ. இதைப் பிரிக்கமாட்டாய். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். உன்னிடம் சொல்லமாட்டேன் என்று உன் மச்சானுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். நீ படிக்காத கடிதத்தில் எழுதினால் வாக்கு தப்பினதாகுமா என்று தெரியவில்லை. யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும்.

அவருக்குத் தொண்டைக்குள் கட்டி. குரல் வருகிற இடத்திலேயே. போன வருஷம் பாதியில் தொடங்கியது. அந்த ஒற்றை வார்த்தையை ஓங்கிச் சொன்னால் கத்தியால் கீறுகிற மாதிரி இருக்குமாம். சில நாள் சத்தமே வராதாம். அதனால்தான் மைக்கை நீட்டினார். கூட்டம் சொல்லிவிட்டால் பாட்டு நிற்காது, உனக்கும் மூச்சு கிடைக்கும் என்று நினைத்தாராம். கடைசி நிகழ்ச்சியில் அது நடக்கவில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

“அவன்கிட்ட சொல்லாதே. சொன்னா பாவம் பார்த்து என்கூடவே நின்னுடுவான்” என்றார். கொஞ்சம் வீம்பும் உண்டு. “இடின்னு பேர் வெச்சுக்கிட்டுத் தும்மல் மாதிரி சத்தம் வந்தா எவன் மதிப்பான்?” என்றும் கேட்டார்.

சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு இன்னும் வரவில்லை. பலகை குட்டிக்கு இல்லை, அவருக்கு. போன வாரம் பஸ் அட்டவணையில் ஒரே நேரத்துக்கு ஒரே நிறுத்தத்தில் மூன்று வண்டியை அனுப்பிவிட்டேன். பன்னிரண்டு வருஷத்தில் இதுதான் என் முதல் தப்பு.

பிரிக்காதே. பிரித்துவிடு.

அக்கா

ஏப்ரல் 2

தம்பி,

முடிவு வந்துவிட்டது. பயந்த வியாதி இல்லை. ஆனால் கட்டி நன்றாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஏப்ரல் 9 அன்று ஆபரேஷன். குரல் திரும்பி வரலாம், வராமலும் போகலாம், வந்தால் வேறு மாதிரி வரலாம் என்கிறார் டாக்டர். மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

நான்கு தடவை ஸ்டூடியோவுக்கு ஃபோன் பண்ணினேன். அந்த அம்மா, “மிக்ஸிங் முடியட்டும்மா, குடும்ப விஷயம் எதையும் உள்ள விடாதீங்கன்னு அவரே சொல்லியிருக்கார்” என்றார். ஆபரேஷன் என்று சொல்ல வாய் வரை வந்தது. இவர் எதிரில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வைத்துவிட்டேன்.

இன்னொன்றும் நடந்துவிட்டது. குடை தேடி என் கைப்பையைத் திறந்தவர் உன் தாளை எடுத்துவிட்டார். “நீட்டின கை”. நான் சமையலறை வாசலில் அப்படியே நின்றுவிட்டேன். முழுக்கப் படித்தார். திரும்ப ஒரு தடவை படித்தார். பிறகு குட்டியிடம் பென்சில் கேட்டார். அரை மணி நேரம் குனிந்த தலை நிமிரவில்லை. எழுந்து போகும்போது பலகையில், “நல்லா எழுதியிருக்கான். திமிர் பிடிச்சவன்” என்று எழுதிவிட்டுப் போனார். அந்தத் தாளை இதில் வைத்திருக்கிறேன்.

இவர் உன்னை வரச் சொல்லவில்லை. நான்தான் சொல்கிறேன். ஒன்பதாம் தேதிக்கு முன்னால் வந்து, அந்தக் குரலை ஒரு தடவை கேட்டுவிட்டுப் போ. அப்புறம் நீ என்மேல் வருத்தப்படக் கூடாது.

அக்கா

ஏப்ரல் 14

அன்புள்ள அக்கா,

முடிந்தது! இன்று காலை மிக்ஸிங் முடிந்தது. உடம்பு நலம், கண் மட்டும் எரிகிறது. எட்டுப் பாட்டும் நானே, ஒவ்வொரு நாலாவது வரியும் நானே. ஆறாவதுக்கு மட்டும் அறுபத்து மூன்று தடவை எடுத்தோம். இருபதாம் தேதியை நினைத்தால் இன்னமும் பயம்தான். ஆனால் போன கடிதத்தில் உன்னிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. உன் இரண்டு கவரும் என் படுக்கை பக்கத்தில்தான் இருந்தன. தினமும் தொட்டுப் பார்ப்பேன். ஒன்று கொஞ்சம் கனமாக இருக்கிறது. திட்டு அதிகம் போல. சரி, வாங்கிக்கொள்கிறேன். இதை முடிக்காமல் வைத்துவிட்டு இப்போதே பிரிக்கிறேன்.

பிரித்துவிட்டேன்.

இன்று பதினான்கு, அக்கா. ஒன்பது போய்விட்டது.

தாளைப் பார்த்தேன். கோடு போட்ட இடத்தில் எல்லாம் பென்சிலில் வார்த்தை. “சாவி எங்கே” என்பதற்குப் பிறகு “கிடக்குதாம்” என்று எழுதியிருக்கிறார். நானும் அதையேதான் பாடியிருக்கிறேன், அறுபத்து மூன்று தடவை. இரண்டாவது வரி ஓரத்தில், “இங்க உனக்கு மூச்சு பத்தாது. ‘மட்டும்’ எடுத்துடு.” அவரை நான் கேலி பண்ணின வரி அது. அதில் எனக்கு மூச்சு பத்தாது என்று கவலைப்பட்டிருக்கிறார்.

வாயைத் திறந்தா வலிக்குதாம் என்று எழுதின கையை என்ன செய்வது என்று தெரியவில்லை. ஆறாவது பாட்டை எடுத்துவிடச் சொல்லிவிட்டேன். ஸ்டூடியோக்காரம்மா, “அப்ப இருபதாம் தேதியும் இல்லை, ஆல்பமும் இல்லை” என்றார். இல்லாவிட்டால் போகட்டும். பஸ் நிலையத்துக்குக் கிளம்புகிறேன். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. உன் கையில் கொடுத்துவிட்டு ஓரமாக நிற்கிறேன்.

தம்பி

ஏப்ரல் 23

டேய் மச்சான்,

நான் நலம். நீ வந்து போனதிலிருந்து உன் அக்காவும் நலம், கொஞ்சம் அதிகமாகவே பேசுகிறாள். பதில் சொல்ல முடியாத புருஷன் கிடைத்தால் விடுவாளா? கடிதம் எழுதுவது எனக்கு இதுதான் முதல் தடவை. நீ இங்கே இருந்த இரண்டு நாளும் பலகையில் எழுதினேன். நான் ஒரு வரி முடிப்பதற்குள் நீ அழ ஆரம்பித்தாய், நான் அழித்துவிட்டேன். கடிதத்தை அழிக்க முடியாது. ஒழுங்காகப் படி.

சொல்லாமல் இருந்தது என் தப்பு. உன் தப்பு இல்லை. மேடையிலிருந்து இறங்கி நீ கேட்டபோது சொல்லத்தான் வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. தோளைக் குலுக்கினேன். அப்புறம் வீம்பு.

ஆறு வாரம் ஒரு வார்த்தை பேசக் கூடாது, முனகக்கூடக் கூடாது. அதற்கப்புறம் என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. இதை உன் அக்காவிடம் காட்டாதே.

இப்போது வேலை விஷயம். பாட்டைத் தூக்கிவிட்டாயாம். அறிவு இருக்கிறதா? ஒன்பது வருஷத்தில் நீ எழுதினதிலேயே நல்ல பாட்டு. என்னைத் திட்டி எழுதினால்தான் உனக்கு எழுத வருகிறது என்றால் முன்னாலேயே சொல்லியிருக்கலாம், தினமும் ஒரு வம்பு இழுத்திருப்பேன். போய் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுப் பாட்டைப் போடச் சொல். ஒரே ஒரு மாற்றம். நாலாவது வரிகளில் நீ கடைசி வார்த்தையைச் சொல்லாதே. அது என் இடம். காலியாக விடு. நீ அங்கே மூச்சு வாங்கு. மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டால் கேட்கட்டும். கேட்கிறவன் ஒரு வார்த்தை நேரம் காத்திருந்தால் குறைந்து போய்விட மாட்டான்.

மச்சான்

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கும் மச்சானுக்கும்,

நான் நலம். குட்டிக்குப் பல் முழுசாக வந்துவிட்டதா? டிஸ்க் அனுப்பியிருக்கிறேன். முந்தாநாள் வெளியானது. ஸ்டூடியோக்காரம்மா முதலில், “பாட்டுல ஓட்டை விட்டா ஜனங்க டிஸ்க் கெட்டுப்போச்சுன்னு திருப்பித் தருவாங்க” என்றார். போட்டுக் கேட்ட பிறகு அப்படியே வெளியீட்டுக்கு அனுப்பிவிட்டார். யார் எப்படிக் கேட்கிறார்கள், பிடித்ததா இல்லையா, ஒன்றும் தெரியவில்லை. அதைப் பார்க்கவும் எனக்கு மனசு இல்லை.

ஆறு வாரம் முடிந்து பதின்மூன்று நாள் ஆகிவிட்டது. நான் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன். உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. ஃபோன் பண்ணலாம். ஆனால் அவர் எடுத்துப் பேசாமல் இருந்தால் என்ன செய்வேன் என்று ஃபோனைக் கீழே வைத்துவிடுகிறேன். குரல் வந்ததா, அக்கா? இல்லை என்றாலும் இல்லை என்று எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

தம்பி

ஜூன் 11

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் நலம். எழுதாமல் இருந்ததற்கு என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. எழுத எதுவும் இருக்கவில்லை. ஆறு வாரம் முடிந்த அன்றே டாக்டர் பேசலாம் என்று சொல்லிவிட்டார். இவர் பேசவில்லை. “ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்களேன்” என்று கெஞ்சினேன். தலையை ஆட்டினார். பலகையைக் கையை விட்டு வைக்கவே இல்லை. தூங்கும்போதும் பக்கத்தில் அது. என்ன வரப்போகிறதோ என்று பயம். நானும் பயந்துபோய்க் கேட்பதை நிறுத்திவிட்டேன். வீட்டில் குட்டி ஒருத்தியின் சத்தம்தான். இருபது நாளில் எனக்கு நாலு நரை.

நேற்று சாயங்காலம் உன் டிஸ்க்கைப் போட்டார். தரையில் ஸ்பீக்கருக்கு நேராகச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஐந்து பாட்டு போனது. மூன்றாவதுக்குத் தலையை ஆட்டினார், ஐந்தாவதுக்கு முகம் சுளித்தார், அதை நீங்களே பேசிக்கொள்ளுங்கள். ஆறாவது வந்தது. நீ ஓடுகிறாய், ஓடுகிறாய், “மட்டும்” இல்லை, கவனித்தேன். தொண்டைக்குள்ள பூட்டு போட்டான், சாவி எங்கே என்றாய். பிறகு நீ மூச்சு வாங்கினது அப்படியே கேட்டது.

“கிடக்குதாம்” என்றார்.

ஓங்கி இல்லை. இடி இல்லை. மெல்லிசாக, கொஞ்சம் பிசிறாக, எனக்குத் தெரியாத யாரோ சொன்ன மாதிரி. ஆனால் சரியான இடத்தில் வந்தது. நேரம் பார்த்தே பிழைக்கிறவள் சொல்கிறேன், அரை நொடி கூடத் தப்பவில்லை. நான் மடித்த துணியையெல்லாம் கீழே போட்டுவிட்டேன். அடுத்த நாலாவது வரிக்கும் சொன்னார். அதற்கடுத்ததற்கும்.

அதற்குள் உள் அறையிலிருந்து குட்டி ஓடிவந்து, “அம்மா, யாரு வந்திருக்காங்க?” என்று கேட்டாள்.

அன்புடன் அக்கா